போர்வீரரும் குறிப்பறிதலும்

திருவள்ளுவர் குறிப்பறிதல் என்னும் பெயரால் இரண்டு அதிகாரங்கள் வகுத்துள்ளார். ஒன்று காமத்துப்பாலில் உள்ளது. அதன் பயன் யாவரும் அறிந்ததே. மற்றொன்று, 71ஆம் அதிகாரம், பொருட்பாலில் உள்ளது. ஆயினும் அது படையியலில் வைக்கப்படவில்லை, அமைச்சியலில் வைக்கப்பட்டுள்ளது. அரசனை அடுத்தொழுகும் அமைச்சன், அவன் வாய் திறவாமுன்னரே முகத்தையும் கண்ணையும் கொண்டு கருத்தை உணர்தல் வேண்டும் என்பது அங்குப் பேசப்படும் பொருள். இவ்வைப்பு முறை சிந்திக்கத்தக்கது. அமைச்சன் நாடோறும் காண்பது ஒரே முகம். அது மகிழ்ந்த காலையும் வெகுண்ட காலையும் எவ்வாறு இருக்கும் என்பதைப் பல்லாண்டு பார்த்துப் பழகியவன் அவன். போர்வீரன் நிலையோ வேறு. அவன் காண்பது முன்னொருபோதும் கண்டிராத முகம். அம்முகத்துக்குரியவன் பேசும் மொழி இவனுக்குத் தெரியாது. சிந்திப்பதற்கு இவனுக்குக் கிடைக்கும் காலமும் இரண்டொரு விநாடியே. எதிரே வருபவன் கை மடியை நோக்கிச் செல்கின்றது. அங்கிருப்பது கத்தியா, வெற்றிலைப் பையா? தவறாக அஞ்சினால் ஏதுமறியாதவன் ஒருவன் மாள்வான். தவறாக நம்பினால் வீரனும் அவனை நம்பி நிற்போரும் மாள்வர்.

இத்தகைய நிலையிற் சொல்லல்லாத குறிப்புக்களைப் போர்வீரர் எப்போது சரியாகப் படிக்கின்றனர், எப்போது பிழைபடப் படிக்கின்றனர் என்பதை இக்காலப் படைத்துறையினரும் உளநூலாரும் ஆராய்ந்து வருகின்றனர். அவ்வாராய்ச்சியை விளங்கிக்கொள்வதற்கு ஈழநாட்டார் நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. கண்டி நகரும் அதன் சுற்றுப்புறமுமே அதற்குப் போதிய பாடநூலாகும். 1594 முதல் 1815 வரை மூன்று ஐரோப்பிய இனத்தார் படையொடு அம்மலைநாட்டினுட் புகுந்தனர். அவர்களிடம் பீரங்கி இருந்தது, பணம் இருந்தது, அந்நாட்டின் இயல்பை அறியும் அறிவு மட்டும் பெரும்பாலும் இல்லை. அவர்கள் கண்ட குறிப்புக்களும், அவற்றுக்கு அவர்கள் கொண்ட பொருளும், அதனால் விளைந்த கேடும் எழுத்தில் உள்ளன.

கண்டியரசு குறிப்புக்களாற் காக்கப்பட்ட அரசு எனலாம். மூன்று பக்கம் மகாவலி கங்கை வளைந்தோட, மலைகளுக்கிடையே ஒடுங்கிய கணவாய்களே வழியாக அமைந்த நாடு அது. அக்கணவாய்களில் முள்ளினாற் செய்த கதவுகளும் காவலரும் இருந்தனர். 1660இல் கொட்டியாரக் குடாவிற் சிறைப்பட்டு, பத்தொன்பது ஆண்டு கண்டி நாட்டில் வாழ்ந்து, 1681இல் இலண்டனில் நூல் வெளியிட்ட றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், அக்காவல் முறையை விரிவாகக் கூறியுள்ளார். வழிச்செல்வோர்க்கு அரசன் தரும் அனுமதி ஓலையில் எழுதப்படவில்லை. களிமண்ணிற் பதித்த முத்திரையாக இருந்தது. படைவீரனுக்குரிய முத்திரையிலே தோளில் ஈட்டி சுமந்த மனிதனும், கூலியாளுக்குரியதிலே காவடித்தண்டின் இருபுறமும் பொதி தொங்கவிட்ட மனிதனும், வெள்ளையனுக்குரியதிலே தொப்பி அணிந்து இடையில் வாள் தாங்கிய மனிதனும் பொறிக்கப்பட்டிருந்தனர். எத்தனை பேர் செல்கின்றனரோ அத்தனை உருவங்கள் களிமண்ணில் இருத்தல் வேண்டும். எழுத்தறியாக் காவலனும் எதிர்நிற்பவன் கோலத்தை முத்திரையின் கோலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். கோலமும் முத்திரையும் மாறுபட்டால் வழி அடைபடும்.

இதிலே ஒரு நுட்பம் உண்டு. காவலன் அம்மனிதனின் நெஞ்சை ஆராய முற்படவில்லை. கூலியாள் எவ்வாறு தோன்றுவான், படைவீரன் எவ்வாறு தோன்றுவான் என்னும் இயல்பை முன்னரே மனத்தில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து வேறுபடுவதை மட்டும் தேடினான். இலக்கணம் கற்றோர் இயல்பு, திரிபு என்னும் இரண்டு சொற்களை நன்கு அறிவர். இயல்பு அறியாதவனுக்குத் திரிபு தோன்றாது. போர்வீரன் குறிப்பறிதலுக்கும் இதுவே அடிப்படை. ஐக்கிய அமெரிக்காவின் மரைன் படையினர் 2007இல் வேட்டைக்காரரையும், தடம் பார்ப்போரையும், நகரக் காவலரையும் துணைக்கொண்டு தொடங்கிய பயிற்சியிலும் இதனையே முதற்பாடமாகக் கற்பித்தனர். ஓர் ஊரிற் புகும் வீரன், அவ்வூர் இயல்பாக இருக்கும்போது எவ்வாறு இருக்கும் என்பதை முதலில் அறிதல் வேண்டும். பின்னரே எது திரிந்தது என்று கேட்டல் வேண்டும். வட அயர்லாந்திற் சுற்றுக்காவல் சென்ற பிரித்தானிய வீரர், வழக்கமாக இருப்பது இல்லாமையும் வழக்கத்தில் இல்லாதது இருத்தலும் ஆகிய இரண்டையும் தேடுமாறு பழக்கப்பட்டனர். கண்டிக் காவலனின் களிமண் முத்திரையும் ஏறக்குறைய இதையே செய்தது.

இதன் மறுபக்கத்தையும் நொக்ஸின் வாழ்க்கையே காட்டுகின்றது. அவர் கண்டிக்கு அணித்தாகிய எலதெத்தையில் வாழ்ந்தவர். தொப்பி பின்னியும் சிறு பண்டங்கள் சுமந்து விற்றும் பிழைத்தவர். வடக்கு நோக்கிச் செல்லும் வழிகளில் ஆண்டுக்கணக்காக வணிகம் செய்து திரிந்தார். வெள்ளைக்காரன் ஒருவன் மூட்டையோடு செல்வது அவ்வூரார்க்குப் பழகிய காட்சியாயிற்று. தம் நடமாட்டத்தையே நாட்டின் இயல்பாக்கிக்கொண்ட பின்னரே, 1679இல், நண்பர் ஒருவரோடு அவர் தப்பிச் செல்லப் புறப்பட்டார். வழியிலே எல்லைப்புற அதிகாரி ஒருவன் இருந்த ஊரை ஒதுங்கிச் செல்லாமல், தாமே அவன் வீட்டுக்குச் சென்று, உலர்ந்த மானிறைச்சி கொள்ள வந்ததாகக் கூறினார். ஒளிந்து செல்பவன் ஐயத்துக்கு உரியவன். விலை பேச வருபவனை எவரும் ஐயுறார். இருவரும் அவ்வாண்டு ஒக்டோபர் 18ஆந் திகதி ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தனர். குறிப்பைப் படிப்பவனுக்கு இயல்பு துணை என்றால், குறிப்பை மறைப்பவனுக்கும் அதுவே துணை என்பது இதனாற் பெறப்படும்.

மறைத்தற் கலை கண்டி அரசவையில் உச்ச நிலையில் இருந்தது. அரசன் முன்னிலையில் அவையோர் நிலத்தில் வீழ்ந்து வணங்கினர். முதுகு காட்டாமற் பின்னோக்கியே விலகினர். சென்னையிலிருந்து 1762இல் தூது வந்த ஜோன் பைபஸ் என்னும் ஆங்கிலேயர் முழந்தாளில் நின்றே தம் செய்தியைக் கூறவேண்டியதாயிற்று. அது அவர்க்கு மிக்க மனக்கசப்பை விளைத்தது. இரண்டாம் இராசசிங்கன் எப்பக்கமும் ஓயாது சுழலும் விழிகளை உடையவன் என்று நொக்ஸ் எழுதினார். பதவியும் உயிரும் அரசன் கண்ணசைவிற் போகக்கூடிய அவையிலே பயின்ற பிரதானி ஒருவன், தன் முகத்தில் எதனையும் வெளிப்படவிடான். அவன் பணிவு பயிற்சியின் விளைவு. அதனை நட்பென்று கொள்வதும் பகையென்று கொள்வதும் ஒருங்கே பிழையாகும். வந்தவர் பெரும்பாலும் இவ்விரண்டில் ஒன்றைக் கொண்டனர்.

முகக்குறிப்பை விட்டு ஊர்க்குறிப்புக்கு வருவோம். 1638 மார்ச்சு மாதத்திலே போர்த்துக்கேயத் தளபதி டியோகோ டி மெலோ டி காஸ்திரோ படையுடன் கண்டியுட் புகுந்தபோது, நகர் வெறுமையாக இருந்தது. எதிர்ப்பார் இல்லை. வெற்றி என்று எண்ணி நகரைத் தீயிட்டுத் திரும்பினர். மகாவலிக் கரையில், இன்று பேராதனைப் பூங்காவுக்கு எதிர்க்கரையாக உள்ள கன்னொறுவையில், வழிகள் அடைக்கப்பட்டு வளைத்துக்கொள்ளப்பட்டனர். 28ஆந் திகதி நடந்த போரிலே தளபதி உட்படப் படையின் பெரும்பகுதி அழிந்தது. 1765இல் ஒல்லாந்தத் தேசாதிபதி வான் எக் அதே நகரை அடைந்தார். அப்போதும் நகர் வெறுமையே. அரசன் கீர்த்திசிறீ இராசசிங்கன் மலைகளுக்குள் விலகியிருந்தான். ஒல்லாந்தர் விட்டுச்சென்ற காவற்படை நோயாலும் உணவுத் தட்டுப்பாட்டாலும் நலிந்து, அவ்வாண்டிலேயே நகரைக் கைவிட்டது.

ஐரோப்பியப் போர் வழக்கிலே தலைநகர் வீழ்ந்தால் நாடு வீழ்ந்ததற்கு ஒப்பாகும். மக்கள் இல்லாத தெரு அங்கே தோல்வியின் குறி. கண்டியிலோ அது போர் தொடங்கியதன் குறி. தெருவும் வீடும் மதிலும் அவ்வரசுக்கு இன்றியமையாதன அல்ல. புத்தரின் தந்ததாது எவர் கையில் உள்ளதோ அவர் கையிலேயே அரசுரிமை உள்ளது என்பது அந்நாட்டார் கொள்கை. தாதுவும் அரசனும் மலைக்குட் சென்றுவிட்டால் அரசு அங்குச் சென்றுவிட்டது. பின்னே விடப்பட்டது கட்டடமே. இவ்வொன்றை அறிந்திருந்தால் வெறுந்தெருவைக் கண்ட அன்றே வந்தவர் திரும்பியிருப்பர்.

இவை ஆங்கிலேயர் அறியாத செய்திகள் அல்ல. ஆயினும் 1803இல் அவர்களும் அதே வழியிற் சென்றனர். தேசாதிபதி பிரடெரிக் நோர்த் ஆணைப்படி, தளபதி மக்டோவல் கொழும்பிலிருந்தும் பார்பட் என்பார் திருகோணமலையிலிருந்தும் படை நடத்திச் சென்று, பெப்ரவரி மாதம் கண்டியில் ஒன்றுகூடினர். நகர் வெறுமையாயிருந்தது. அரண்மனையின் சில பகுதிகள் எரிந்துகொண்டிருந்தன. சிறீ விக்கிரம இராசசிங்கன் அங்குராங்கெத்தைப் பக்கம் சென்றுவிட்டான். ஆங்கிலேயர் தம்முடன் அழைத்து வந்திருந்த முத்துசாமி என்னும் நாயக்கர் குலத்தவரை அரியணையில் இருத்தினர். தாதுவும் இல்லை, குடிகளும் இல்லை. கண்டிப் பிரதானிகளுள் வந்து வணங்கினாரும் இல்லை. புதிய அரசனைக் காண ஒருவரும் வாராமை அந்நாட்டார் கூறிய மறுமொழியாகும். வாயாற் கூறப்படாமையின் அது மறுமொழியாகக் கொள்ளப்படவில்லை.

மறுமொழியாகக் கொள்ளப்பட்டவை முதல் அதிகார் பிலிமத்தலாவையின் ஓலைகளே. அரசன் இன்ன இடத்தில் இருக்கிறான், பிடித்துக்கொள்ளலாம் என்று ஓலை வந்தது. அங்குராங்கெத்தைக்குப் படை சென்றது. வழியெங்கும் மறைவிலிருந்து சுடப்பட்டது. சென்றடைந்த அரண்மனையும் வெறுமையாயிருந்தது. அதன் பின்னரும் நோர்த்தின் நம்பிக்கை தளரவில்லை. மே மாதத்தில் தம்பதெனியாவில் அவரே அதிகாரை நேரிற் சந்தித்து உடன்படிக்கை பேசினார். அதிகார் அரசனை வஞ்சித்தாரா, ஆங்கிலேயரை வஞ்சித்தாரா, இருவரையும் வஞ்சித்துத் தாமே அரசாள எண்ணினாரா என்பதில் இன்றும் வரலாற்றாசிரியர் ஒருமித்த கருத்தினர் அல்லர். ஏற்ற இறக்கம் தெரியாத ஒரு முகத்தைச் சிலமுறை மட்டும் கண்ட நோர்த், அதிலே தாம் விரும்பியதையே படித்தார் என்பது மட்டும் தெளிவு. அதிகாரும் பிற்காலத்தில் அதே அரசனாற் கொலைத்தண்டனை பெற்றார்.

இதற்கிடையே நகரிலிருந்த காவற்படையைக் காய்ச்சல் தின்றது. மக்டோவல் ஏப்ரில் மாதம் பெரும்படையுடன் கொழும்பு திரும்பிவிட்டார். பார்பட்டும் நோயுற்று நீங்கியபின், மலாயப் படைப்பிரிவைச் சேர்ந்த மேஜர் டேவி தலைமை ஏற்றார். சுற்றியிருந்த மலைகளில் அமர்ந்து கீழே நோக்கிய கண்டி வீரர்க்கு மொழிபெயர்ப்பாளன் தேவைப்படவில்லை. புதைகுழிகளின் தொகை, காவல் மாறும்போது வரும் ஆட்களின் குறைவு, நடப்பவரின் தளர்ச்சி ஆகியவற்றை மலையிலிருந்து காணலாம். அவர்கள் தம் சொந்த நாட்டிலே, தமக்குப் பழகிய நிலத்திலே நின்று பார்த்தனர். வந்தவர் அவர்களைப் படிக்க இயலாதிருந்த காலத்தில், அவர்கள் வந்தவரைத் திறந்த சுவடி போலப் படித்தனர் என ஊகித்தல் மிகையாகாது.

யூன் 24ஆந் திகதி விடியுமுன் தாக்குதல் தொடங்கியது. மலாய வீரர் பலர் எதிர்ப்பக்கம் சென்றனர். அரசன் பக்கத்திலும் மலாயர் இருந்தனர். பிற்பகலில் டேவி வெண்கொடி காட்டினார். அக்கொடியைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். ஐரோப்பிய வழக்கில் அது ஒரு சொல்லுக்கு நிகர். அதன்பின் இருதரத்தாரையும் கட்டுப்படுத்தும் முறைகள் உண்டு. அத்துணியைக் கண்டி வீரரும் கண்டனர். போர் நிறுத்தம் வேண்டப்படுகிறது என்பதையும் உணர்ந்தனர். ஆயின் அரசன் நாட்டில் ஆயுதம் தாழ்த்தியவனின் உயிர் அரசன் விருப்பத்துக்கு உரியது என்பது அவர்தம் வழக்கு. ஒரே குறியை இருதரத்தாரும் அறிந்திருந்தனர். அக்குறிக்குப் பின்னுள்ள வழக்கு வேறுபட்டது. முற்றும் தெரியாத குறியைவிடப் பாதி தெரிந்த குறி கொடியது என்பதற்கு இதனிலும் தக்க சான்று கிடைத்தல் அரிது.

திருகோணமலைக்குச் செல்லலாம், ஆயுதத்தோடு செல்லலாம், முத்துசாமியும் உடன் செல்லலாம், நோயாளர் காக்கப்படுவர் என்று ஓலை எழுதப்பட்டது. நூற்றுக்கு மேற்பட்ட நோயாளரை நகரில் விட்டு, ஐரோப்பியர் ஏறக்குறைய 34 பேரும் மலாயர் ஏறக்குறைய 250 பேரும் பிறரும் மாலையிற் புறப்பட்டு, மூன்று மைல் அளவில் உள்ள வட்டப்புலுவையை அடைந்தனர். இன்று வீடுகள் நிறைந்த புறநகராக உள்ள அவ்விடத்திலே மகாவலி அன்று பெருகியோடியது. கடப்பதற்கு ஓடமும் இல்லை, தெப்பமும் இல்லை. போகவிடக் கருதியவர் ஓடம் வைத்திருப்பர். அந்த ஓடம் அங்கு இல்லை. அடுத்த நாள் அரசன் ஆட்கள் வந்து முத்துசாமியைக் கேட்டனர். டேவி முதலில் மறுத்தார், பின்னர்க் கொடுத்தார். அங்கு நின்றவர்களுள் அவ்வரசவையின் வழக்கை உள்ளிருந்து நன்கறிந்தவர் முத்துசாமியே. வருபவர் நடையையும் பேச்சையும் பொருள்கொண்டு கூற வல்ல அவரையே முதலில் ஒப்படைத்தனர். அவர் உடனே கொல்லப்பட்டார். அடுத்ததாக ஆயுதங்களை வைத்துவிட்டு நகருக்குத் திரும்புமாறு கூறப்பட்டது. வைத்தனர். மலாயர் பிரிக்கப்பட்டனர், ஐரோப்பியர் இருவர் இருவராக அழைத்துச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டனர். நகரில் விடப்பட்ட நோயாளருக்கும் அதுவே நேர்ந்தது. பாண்ஸ்லி என்னும் ஒரு வீரன் காயத்தோடு ஆற்றைக் கடந்து, மாத்தளைப் பக்கத்திலிருந்த மக்டோவல் கோட்டையை அடைந்து செய்தி கூறினான். டேவி உயிரோடு வைக்கப்பட்டுச் சிறையிலேயே இறந்தார். இக்கொலைகளுக்கு அரசன் பொறுப்பாளியா, அதிகார் பொறுப்பாளியா என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு.

டேவியைக் கோழை என்று இகழ்ந்தார் பலர். அவ்விகழ்ச்சி அத்துணை நேரியதன்று. ஒவ்வொரு படியிலும் அவர் முன் இருந்த குறிப்புக்கள் தெளிவாயிருந்தன. அவற்றைத் திரிபென்று காட்டக்கூடிய இயல்பறிவு அவர்க்கு ஒருவராலும் தரப்படவில்லை. அறியாதவன் நம்ப விரும்புவதையே நம்புவான். நோயும் பசியும் மிக்கவனுக்கு நம்ப விரும்புவது ஒன்றே: வீடு திரும்பலாம் என்பது.

பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1815 பெப்ரவரியில், ஆங்கிலேயர் மீண்டும் கண்டியுட் புகுந்தனர். நகர் அப்போதும் வெறுமையே. ஆனால் இம்முறை அவ்வெறுமையை எவரும் வெற்றியென்று மயங்கவில்லை. படையோடு ஜோன் டொயிலி இருந்தார். 1801இல் இலங்கைக்கு வந்த அவர், மாத்தறையில் கரத்தொட்ட தம்மாராம தேரரிடம் சிங்களம் கற்றார். அரசாங்கத்தின் தலைமை மொழிபெயர்ப்பாளரானார். 1810 முதல் அவர் எழுதிய நாட்குறிப்பிலே பிக்குகளும் வணிகரும் வழிப்போக்கரும் கொண்டுவந்த சிறு சிறு செய்திகள் நாடோறும் பதியப்பட்டுள்ளன. எந்தப் பிரதானி எங்குச் சென்றான், எவன் அரசன் அன்பை இழந்தான் என்பன போன்றவை அவை. ஒவ்வொன்றாக நோக்கினால் அற்பம். பல்லாண்டு சேர்ந்தபோது அதுவே ஒரு நாட்டின் இயல்பைக் காட்டும் படமாயிற்று. அரசன் சென்ற திசை தெரிந்திருந்தது; பெப்ரவரி 18ஆந் திகதி மெததும்பறைப் பகுதியில் அவன் பிடிபட்டான். இவ்வறிவு எக்காரியத்துக்குப் பயன்பட்டது என்பதை நினைப்போர் மகிழ்தற்கு இடமில்லை. ஈழத்தின் இறுதி அரசு அதனால் முடிந்தது. ஆயினும் 1803க்கும் 1815க்கும் இடையிலுள்ள வேறுபாடு பீரங்கியின் வேறுபாடன்று.

பழகினாற் போதும், யாவும் விளங்கும் என்று கொள்ளுதலும் தவறு. 1630இல் ஊவாவிலே ரந்தெனிவலையில் மாண்ட போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தினோ டி சா, தம்மைச் சூழ்ந்த முதலிமாரை நன்கு பழகியவர். அவர்கள் கண்டி அரசனோடு தொடர்பு கொண்டுள்ளனர் என்று எச்சரிக்கப்பட்டும் நம்பவில்லை. அன்பும் கண்ணை மறைக்கும்.

இக்காலத்துக்கு வருவோம். 2004ஆம் ஆண்டுக் கோடையிலே, ஈராக்கின் மொசூல் நகரில், அமெரிக்க வீரர் சிலர் நிறுத்தப்பட்டிருந்த கார் ஒன்றைக் கண்டனர். உள்ளே சிறுவர் இருவர். கடும் வெயிலிலும் கண்ணாடிகள் மூடப்பட்டிருந்தன. வீரன் ஒருவன் அவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க விரும்பினான். படைப்பகுதித் தலைவனின் உடல் திடீரெனக் குளிர்ந்தது. காரணம் கூற இயலாமலே, பின்வாங்குக என்று ஆணையிட்டான். அக்கணமே குண்டு வெடித்தது. அருகே சென்ற வீரன் காயத்தோடு பிழைத்தான். அந்தத் தலைவன் படித்தது அச்சிறுவரின் முகத்தை மட்டுமன்று. வெயில், மூடிய கண்ணாடி, தெருவின் நிலை ஆகிய யாவும் சேர்ந்து, அவ்வூரில் அதுவரை கண்ட பல நாட்களோடு முரண்பட்டன. அம்முரணை மூளை சொல்லாக்குமுன் உடல் உணர்ந்துவிட்டது. உள்ளுணர்வு என்று வழங்குவது இதனையே. அது வானிலிருந்து இறங்குவதன்று. கண்டு கண்டு சேர்ந்த பழக்கத்தின் விரைந்த தீர்ப்பு.

முகத்தை மட்டும் கொண்டு உண்மையும் பொய்யும் பிரித்துவிடலாம் என்பார் கூற்றோ வலுவற்றது. சாள்ஸ் பொண்ட், பெல்லா டிபோலோ என்னும் அமெரிக்க உளநூலார் 2006இல், அதுவரை நிகழ்ந்த ஆய்வுகளைத் திரட்டி, 24,000க்கு மேற்பட்டோர் கூறிய தீர்ப்புக்களை ஒருங்கே கணித்தனர். பொய்யையும் மெய்யையும் சரியாகப் பிரித்தவை நூற்றுக்கு 54 மட்டுமே. நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாற் கிடைப்பது 50. பயணிகளின் நடத்தையைக் கண்டு பயங்கரவாதிகளை அறியும் திட்டமொன்றுக்கு அமெரிக்க விமானநிலையங்களிற் பெரும்பணம் செலவாயிற்று. அந்நாட்டு அரசாங்கக் கணக்காய்வாளர் 2013இல், அதற்குப் போதிய அறிவியற் சான்று இல்லை என்று கூறிச் செலவைக் குறைக்குமாறு பரிந்துரைத்தனர்.

இதற்குக் காரணம் தொல்காப்பிய மாணவர்க்குப் புதியதன்று. மெய்ப்பாட்டியலிலே அச்சத்துக்கு நான்கு நிலைக்களங்கள் கூறப்படும். அணங்கினாலும், விலங்கினாலும், கள்வராலும், தம்மை ஆளும் தலைவனாலும் அச்சம் பிறக்கும். குற்றம் செய்த நெஞ்சினால் மட்டும் அச்சம் பிறக்கும் என்று அவர் கூறவில்லை. ஆள்வோனைக் காணும்போது அஞ்சுதல் தனியே எண்ணப்பட்டிருப்பது நோக்கற்பாலது. நடுங்கும் கையும் உலர்ந்த நாவும் அச்சத்தைக் காட்டும். அவ்வச்சம் எதனால் வந்தது என்பதைக் காட்டா.

1998 சனவரி 25ஆந் திகதி தலதா மாளிகை வாயிலில் விடுதலைப் புலிகளின் குண்டேற்றிய லொறி வெடித்து, உயிர்கள் பல மாண்டன. பெப்ரவரி 4ஆந் திகதி கண்டியில் நடைபெறவிருந்த சுதந்திரப் பொன்விழா கொழும்புக்கு மாற்றப்பட்டது. மாளிகை முன்னுள்ள வீதி வண்டிகளுக்கு அடைக்கப்பட்டது. 2009இற் போர் முடியும்வரை நாடெங்கும் சோதனைச் சாவடிகள் இருந்தன. சாவடியில் நின்ற வீரர் பெரும்பாலும் சிங்களம் மட்டும் அறிந்தவர். தோட்டத்திலிருந்து மருந்து வாங்க நகருக்கு வந்த முதியவளும், பரீட்சைக்குச் சென்ற மாணவனும் தமிழ் மட்டும் அறிந்தவர். அடையாள அட்டையை நீட்டும் கை நடுங்கிற்று. கேள்வி விளங்காமையால் மறுமொழி தாமதித்தது. கண் நிலத்தை நோக்கிற்று. பெரியவர் முன்னே கண்ணைத் தாழ்த்துதல் தமிழர் இல்லங்களிற் கற்பிக்கப்படும் அடக்கம். அதே தாழ்ந்த கண், ஐயத்தோடு நோக்குபவனுக்கு மறைப்பின் அடையாளமாகத் தோன்றும். மாளிகை வாயிலில் நிகழ்ந்ததை அறிந்த அவ்வீரனும் அஞ்சியே நின்றான். அவன் விரல் துவக்கின் விசைமேல் இருந்ததையும், அவன் முகம் இறுகியிருந்ததையும் மாணவன் கண்டான். தன்னை வெறுக்கிறான் என்று படித்தான். இருவரும் ஒருவர் முகத்தில் மற்றவர் தத்தம் அச்சத்தையே கண்டனர். இரண்டு மொழிகளிலும் பத்துச் சொல் தெரிந்திருந்தால் தீர்ந்திருக்கக்கூடியவை பல, நீண்ட விசாரணைகளாயின.

குறிப்பு இருவழிப்பட்டது என்பதைப் படைத்துறையினர் காலந்தாழ்த்தியே உணர்ந்தனர். வீரன் பிறரைப் படிக்கும்போதே பிறராற் படிக்கப்படுகிறான். அவன் நிற்கும் நிலையே அவன் முதற்பேச்சு. 2003 ஏப்ரில் 3ஆந் திகதி ஈராக்கின் நஜப் நகரில், கிறிஸ்தோபர் ஹியூஸ் என்னும் அமெரிக்கப் படைத்தலைவர் தம் வீரரோடு பெருஞ்சமயத் தலைவர் ஒருவரின் இல்லம் நோக்கிச் சென்றார். இமாம் அலியின் புனித அடக்கத்தலம் அண்மையில் இருந்தது. படையினர் அதனுட் புகப்போகின்றனர் என்று எண்ணிய மக்கள் திரண்டு வழி மறித்துக் கூச்சலிட்டனர். அக்கூச்சலின் சொற்கள் வீரர்க்கு விளங்கவில்லை. ஒரு கல் வந்திருந்தால் ஒரு சூடு வந்திருக்கும். ஒரு சூட்டின்பின் என்ன நேர்ந்திருக்கும் என்பதைக் கூறவேண்டியதில்லை. கூட்டத்தின் சினம் எதனைப் பற்றியது என்பதை அவர் ஊகித்தார். உடனே தம் வீரர் யாவரும் ஒரு முழந்தாளை மண்ணில் ஊன்றி, துவக்கின் வாயை நிலம்நோக்கித் தாழ்த்திப் புன்னகை செய்யுமாறு ஆணையிட்டார். போர்க்கவசம் அணிந்த வீரர் பலர் நடுத்தெருவில் மண்டியிட்டுச் சிரிக்கும் காட்சியை அக்கூட்டம் எதிர்பார்க்கவில்லை. கூச்சல் தணிந்தது. பின்னர் அவர் தம் படையைத் திருப்பி, வந்த வழியே அழைத்துச் சென்றார். அன்று அத்தெருவில் எவரும் சாகவில்லை.